நிமிர்ந்து பார்க்காதவர்

சென்னை, திருவல்லிக்கேணி
10-6-1936

அன்புள்ள அக்காவுக்குக் கர்ணன் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். கடற்காற்று வந்தாலும் வெயில் தணிந்தபாடில்லை. நீயும் மச்சானும் சுகந்தானா? தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் பத்திரிகையின் தீபாவளி மலருக்கு நான் ஒரு கதை கொடுத்தேன். ஆசிரியர் வைகுண்டராஜ் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “உம்ம கதையிலே ஒரு தகப்பனார் வருகிறார். கொடியவர் என்கிறீர், கல்நெஞ்சர் என்கிறீர், பிடிவாதக்காரர் என்கிறீர். ஏழு இடத்தில் இப்படி இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். ஆனால் அவர் ஒரு வாய் சோறு தின்னக் காணோமே! ஒரு தும்மல்கூட இல்லையே! வைக்கோலைத் திணித்து வேட்டி கட்டிவிட்டால் மனுஷராகிவிடுவாரா?” என்று கேட்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

கதை என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை மகளுக்குப் பரிசம் போட மூன்று நாள் இருக்கும்போது மகன், ‘எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், பட்டணத்தில் அச்சாபீஸ் வேலை கிடைத்திருக்கிறது’ என்கிறான். ‘இந்த நடையத் தாண்டினா நீ எனக்கு மகன் இல்ல’ என்கிறார் தகப்பனார். மகன் தாண்டிவிடுகிறான். நடந்தது அவ்வளவுதான். அந்த அத்தை மகள் கஸ்தூரியம்மாள் இன்று கம்பத்தில் இரண்டு பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்கிறாள் என்று நீதான் எழுதினாய். கதையில் அதைச் சேர்க்கவில்லை.

அக்கா, அய்யாவை நினைத்தால் எனக்கு அந்த வாசலில் நின்ற நிலை ஒன்றுதான் வருகிறது. அதற்கு முன்னால் இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. அவர் எப்படிச் சாப்பிடுவார்? எப்படிக் கோபப்படுவார்? நீ பார்க்கிறதை எழுது. கதை தேறினால் புரூஃப் மேஜையிலிருந்து உதவி ஆசிரியர் மேஜைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கதைக்காகத்தான் கேட்கிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
கர்ணன்


ஜெயமங்கலம்
தாது வருஷம் ஆனி 10

பிரியமுள்ள தம்பி கர்ணனுக்கு அக்காள் முருகம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. உன் மச்சானும் நானும் சுகம். இரண்டு மழை பெய்தது, கிணற்றில் ஓர் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் கிடக்கிறது. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி.

ஆறு வருஷமாக எழுதுகிறாய். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. மச்சான் சுகமா, மாடு சுகமா, கிணறு சுகமா என்று கேட்பாய். பெற்றவர் சுகமா என்று ஒரு வரி வந்ததில்லை. இப்போது கதைக்கு வேண்டும் என்றதும் இரண்டு பக்கம் எழுதிவிட்டாய். உன் ஆசிரியர் மகராசனாக இருக்கட்டும்!

உனக்கு ஒரு சங்கதி சொல்லவில்லை. முந்தின வருஷம் தையிலிருந்து நாங்கள் அய்யா வீட்டுக்கே வந்துவிட்டோம். அய்யா தனியாக இருக்க வேண்டாம் என்று உன் மச்சான்தான் சொன்னார்.

சாப்பாட்டைக் கேட்டாய். வட்டில் எப்போதும் அடுப்படித் தூணுக்கு வலப்பக்கம்தான் இருக்க வேண்டும். உட்கார்ந்ததும் அய்யா அதன் விளிம்பை ஒரு தடவை விரலால் சுற்றித் தடவுவார்கள். தண்ணீர்ச் செம்பு இடது முழங்காலுக்கு நேராக இருக்க வேண்டும். துவையல் வட்டிலின் ஓரத்தில், தூண் பக்கமாக. ஒருநாள் மறதியாய்ச் செம்பை வலப்பக்கம் வைத்துவிட்டேன். கை பட்டுத் தண்ணீர் முழுவதும் சோற்றில் கொட்டிவிட்டது. “வச்ச எடத்துல வைக்க மாட்டியா, ஆத்தா?” என்று ஒரு சத்தம் போட்டார்கள் பார், அடுப்புப் பூனை எழுந்து ஓடிவிட்டது. அப்புறம் அந்த நீர்ச்சோற்றையே சாப்பிட்டு முடித்தார்கள்.

இன்னொன்றும் எழுதுகிறேன். தபால்காரர் குரல் கேட்டதும், “யாரு கடுதாசி?” என்பார்கள். உன்னைத் தவிர இந்த வீட்டுக்கு எழுத யார் இருக்கிறார்கள்? “தம்பி எழுதியிருக்குய்யா” என்பேன். “அப்ப மாப்பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டு” என்று சொல்லிவிட்டு நார் திரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். உன்னோடுதான் பேச்சு இல்லையே, அதனால் உன் மச்சானுக்குத்தான் வாசிக்க வேண்டும். அவரோ முன்னாலேயே படித்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். நான் குரலைத் தாழ்த்தினால் நார் திரிக்கிற கை நின்றுவிடும்.

இந்தக் கடிதத்தையும் வாசித்தேன். கல்நெஞ்சர் என்று வந்த இடத்தில் எனக்கு நாக்குப் புரளவில்லை. அய்யாவோ, “ஏழு எடத்துலயா? அந்த ஆசிரியரு வெவரமானவருதான்” என்றார்கள்.

இப்படிக்கு அக்காள்,
முருகம்மாள்


சென்னை
3-7-1936

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த நாள் முதல் உடம்பும் மனசும் நன்றாக இருக்கின்றன. அங்கும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

அந்தச் செம்பையும் பூனையையும் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டேன். ஆசிரியரிடம் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்! “இப்போதுதான் உம்ம ஆள் சோறு தின்கிறார். இனி அவர் நல்லவரா கெட்டவரா என்று நீர் வாயைத் திறக்காதீர். அவர் கை சொல்லட்டும். கோபம் எதன்மேல் போகிறது, வீட்டில் மற்றவர்கள் அவருக்காக எப்படி நடக்கிறார்கள், அதை எழுதும். இன்னொன்று, கதையை மகன் சொல்ல வேண்டாம். மகன் சொன்னால் அது பிராது. சோறு போடுகிற மகள் சொல்லட்டும்” என்றார். ஆகவே கதை இனி உன் வாயால் நடக்கும். முதல் வேலையாகப் பழைய பிரதியில் இருந்த அந்த ஏழு இடங்களையும் அடித்தேன்.

வட்டில் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவருடைய கண்டிப்பு நன்றாகத் தெரிகிறது. வீடு முழுவதும் தன் சொல்லுக்கு அடங்க வேண்டும் என்கிற சுபாவம். இதுபோல் இன்னும் எழுது. காலையில் முதலில் என்ன செய்வார்? தோட்டத்துக்கு எப்படிப் போவார்? ஊர்க்காரர்களோடு எப்படி?

உன் பதிலுக்குத் தினமும் தபால் பையைப் பார்க்கும்,
கர்ணன்


ஜெயமங்கலம்
ஆடி 5

தம்பி கர்ணனுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். உன் மச்சானுக்கு மட்டும் காலில் முள் குத்திப் பழுத்திருந்தது, இப்போது ஆறிவிட்டது. உனக்கு வயிறு சரியாக இருக்கிறதா?

நீ கேட்டபடி எழுதுகிறேன். விடிந்ததும் அய்யா தொழுவத்துக்குப் போய்ச் செவலையை அவிழ்ப்பார்கள். நீ போகும்போது கன்றாக இருந்ததே, அதுதான். அதன் முதுகில் கையைப் போட்டுக்கொண்டு வரப்பு வழியே தோட்டத்துக்குப் போவார்கள். வழியெல்லாம் அதனோடு பேச்சுத்தான். வயலில் இறங்கியதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பயிரின் தூரைப் பிடித்துத் தடவுவார்கள், மண்ணை அள்ளி முகர்வார்கள். “நாளைக்குத் தண்ணி கட்டணும், மாப்பிள்ளை” என்பார்கள். உன் மச்சான் நின்று பார்த்துச் சொன்னால் தப்பும், இது தப்புவதில்லை.

கோபத்துக்கு ஒன்று. சென்ற வாரம் கிணற்றடி வாளியை யாரோ அரையடி நகர்த்தி வைத்துவிட்டார்கள். அய்யா அதில் இடறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, “எந்தப் பய தொட்டான்?” என்று தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்கள். நான் மஞ்சள் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “ஏய் முருகு, வச்சு விடு” என்று காலை நீட்டினார்கள்.

யார் வந்தாலும் நிமிர்வதில்லை. நார் திரித்தபடியே, “வாங்க மாப்பிள்ளை”, “என்ன சங்கிலியம்மா, கால்வலி எப்படி இருக்கு?” என்பார்கள். செருப்புச் சத்தத்திலேயே ஆள் தெரிந்துவிடும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனோம். தூணருகே போய் நின்ற அய்யா நின்றபடியே நின்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் தீபாராதனைக்கு முன்னால் வரச் சொல்லியும் போகவில்லை. உன் மச்சான் வந்து கையைப் பிடித்த பிறகுதான் நகர்ந்தார்கள்.

நான் உள்ளதை எழுதியிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அக்காள்,
முருகம்மாள்


சென்னை
8-8-1936

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். நான் நலம். மச்சானின் கால் முழுக்க ஆறிவிட்டதா?

நீ அனுப்பியது எனக்குப் புதையல். ஒரு பகுதியை எழுதி இத்துடன் அனுப்புகிறேன். கதைக்குத் தலைப்பும் கிடைத்துவிட்டது: ‘நிமிர்ந்து பார்க்காதவர்’.

“அய்யா யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்ப்பதற்குத் தகுந்த ஆள் இந்த ஊரில் இல்லை என்கிற பெருமை. கோயிலில்கூடத் தூணருகே நின்றுகொள்வார். அம்மனே இறங்கி வந்து அழைக்க வேண்டும். பெற்ற மகனிடம் காட்டாத பிரியத்தை ஒரு மாட்டிடம் காட்டுவார். தினமும் செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரப்பில் நடப்பார்.”

எப்படி இருக்கிறது? ஆசிரியரிடம் இன்னும் காட்டவில்லை. முதலில் உன் அபிப்பிராயம் வேண்டும்.

கர்ணன்


ஜெயமங்கலம்
ஆவணி 15

தம்பிக்கு ஆசீர்வாதம். பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். நீ சுகமாய் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

உன் கதையை வழக்கம்போல் உன் மச்சானுக்கு வாசித்தேன். பெருமை என்று நீ எழுதியிருந்த இடத்தில் நார் திரிக்கிற கை நிற்கவில்லை. கோயில் தூண் வந்தது, அப்போதும் நிற்கவில்லை. மாட்டுக்கு வந்ததும்தான் நின்றது. “செவலைய இழுத்துக்கிட்டுப் போனாராமா? செவலை என்ன இழுபடுற மாடா? அதுல்ல என்னையக் கூட்டிக்கிட்டுப் போகுது. திருத்தி எழுதச் சொல்லு, மாப்பிள்ளை” என்றார்கள். பிறகு எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார்கள். உச்சி வெயிலில் அங்கே என்ன வேலை? அரைமணி நேரம் கழித்துப் போனேன். செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது, கர்ணா. ஆறாவது வகுப்பு வாசற்படியைக்கூட மிதிக்காதவள் உனக்குக் கதை சொல்லித்தர வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அய்யா செய்கிறதை எழுது. எதற்காகச் செய்கிறார்கள் என்று நீ எழுதாதே. அது உனக்குத் தெரியாது. பெருமை என்பதை எடுத்துவிடு, பெற்ற மகன் என்பதையும் எடுத்துவிடு. ஏன் என்று என்னைக் கேட்காதே.

தீபாவளிக்கு வாயேன். மதுரையிலிருந்து ரயில் நேரே தேனிக்கு வருகிறது. உன் மச்சான் வண்டி கட்டிக்கொண்டு வருவார்.

முருகம்மாள்


சென்னை
12-9-1936

அன்புள்ள அக்கா,

உடம்பு சௌக்கியம். உன் கோபம் தணிந்ததா என்பதே இந்தத் தடவை என் விசாரணை.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். காரணம் சொல்கிற வரி எல்லாவற்றையும் அடித்தேன். பதினோரு பக்கம் ஆறு பக்கமாகிவிட்டது. வட்டில், வாளி, தூண், மாடு கூட்டிக்கொண்டு போகிறது, எல்லாம் நீ எழுதினபடி. படித்துப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. முன்னால் எழுதிய கதையில் அவரோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இதில் சண்டை போட எனக்கு ஆளே அகப்படவில்லை. இன்று காலையில் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு வரச் சொல்கிறாய். அவர் கூப்பிடட்டும், வருகிறேன். தாண்டினால் மகன் இல்லை என்று சொன்னது நான் அல்ல.

கர்ணன்


சென்னை
19-9-1936

அக்கா,

நலம் விசாரிக்க இப்போது மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

இன்று ஆசிரியர் கூப்பிட்டார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உம்மால் எப்படி ஐயா முடிந்தது? பெரியவருக்குக் கண் தெரியாது என்பதைக் கடைசிவரை ஒரு இடத்தில்கூடச் சொல்லாமல் கொண்டுபோய்விட்டீரே! மாடு கூட்டிக்கொண்டு போகிற இடத்தில்தான் எனக்கே புரிந்தது. திரும்ப முதலிலிருந்து படித்தேன். அந்தச் செம்புத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் அழுதுவிட்டேன்” என்றார்.

சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் மேஜைக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன்.

அக்கா, அய்யாவுக்குக் கண் தெரியவில்லையா?

கர்ணன்


ஜெயமங்கலம்
புரட்டாசி 14

கர்ணா, என் ராசா, நீ சுகமாயிரு. நாங்கள் இருக்கிறோம்.

ஆமாம். தெரியவில்லை. இரண்டு வருஷமாகிறது. முதலில் கண்ணில் பால் படிந்த மாதிரி ஒரு மங்கல். இப்போது வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். ஊருக்கு மங்கல் என்பது வரைக்கும்தான் தெரியும். மற்றது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். மதுரை ஆஸ்பத்திரியில் புரையை அறுத்து எடுத்துவிடுகிறார்களாம். மன்றாடிப் பார்த்துவிட்டோம், வர மாட்டேன் என்கிறார்கள்.

உனக்கு எழுத உட்கார்ந்தபோதே அய்யா என்னைப் பூசை மாடத்துக்குக் கூட்டிப்போய்க் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்துவிட்டார்கள். “கண்ணு போச்சுன்னு கேட்டா ஓடியாருவான். எனக்குத் தெரியும், அவன் பிள்ளை மனசு. ஆனா அது குருடனப் பாக்க வாரது. என்னையப் பாக்க வரட்டும். வராட்டிப் போகட்டும்” என்றார்கள். கண் என்ற வார்த்தையை உனக்கு எழுதுவதில்லை என்று நான் சொன்ன சொல் அது. என் கடிதங்களை மறுபடி புரட்டிப் பார், அந்த வார்த்தை இருக்காது. நீ அய்யா என்ன செய்கிறார்கள் என்று கேட்டாய், எழுதினேன். எப்போதாவது உனக்கு உறைக்காதா என்று ஒவ்வொரு தடவையும் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். நீயோ பெருமை என்று எழுதிவிட்டாய்! இப்போது நீயே கண்டுகொண்டாய். இனியும் சத்தியம் என்னைப் பிடிக்குமென்றால் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். மெட்ராஸில் மழை, டிராம் வண்டி நின்றுவிட்டது, குடை காற்றில் பறந்துவிட்டது என்று நானாகக் கட்டி வாசித்தேன். “மழையப் பத்தி இம்புட்டு எழுதுவானா அவன்?” என்று கேட்டார்கள். உன்னைவிட நான் மோசமான கதைக்காரி.

நீ வா. ஆனால் தெரிந்து வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. தெரிந்தால் அய்யா உடைந்துபோவார்கள். இதற்குப் பதிலை வீட்டுக்கு எழுத வேண்டாம். பெரியகுளம் கடைவீதி ஞானதுரை கடை விலாசத்துக்கு உன் மச்சான் பேருக்குப் போடு.

முருகு


சென்னை
10-10-1936

மதிப்பிற்குரிய மச்சானுக்கும் அன்புள்ள அக்காவுக்கும் கர்ணன் வணக்கம். உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும்.

கதையைத் திரும்ப வாங்கிவிட்டேன். அச்சுக் கோத்துப் புரூஃப்கூட வந்துவிட்டது. என் கதைக்கு நானே புரூஃப் பார்க்க வேண்டியவன். ஆனால் மலர் பெரியகுளம் கடைவீதிக்கு வரும். யாராவது சத்தமாக வாசிப்பார்கள். அய்யா இரண்டு வருஷமாகக் கைத்தடிகூட எடுக்காமல் காப்பாற்றி வைத்திருப்பதை நான் ஆறு பக்கத்தில் ஊருக்குச் சொன்னதாகிவிடும். ஆசிரியருக்குக் கோபம். காரணத்தைச் சொன்னேன். புரூஃபை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “போய்ப் பார்த்துவிட்டு வாரும்” என்றார். உதவி ஆசிரியர் மேஜை இன்னொருவருக்குப் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். கண்டிப்பு, பெருமை, பாசமின்மை. எல்லாம் என் கையிருப்பு. கண் தெரியாதவர் அவர், பார்க்காதவன் நான். மூன்று மாதமாக அவரையே எழுதிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வேற்று மனிதர் வாயால் தெரிந்துகொண்டேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகத் தேனியில் இறங்குகிறேன். அவர் கூப்பிடவில்லை. நானாக வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒன்றும் தெரியாதவனாக நடந்துகொள்வேன்.

கர்ணன்


ஜெயமங்கலம்
கார்த்திகை 8

தம்பி கர்ணனுக்கு அநேக ஆசீர்வாதம். பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. கொடுத்துவிட்ட அதிரசம் நொறுங்காமல் வந்ததா? இங்கே அடைமழை. எல்லோரும் சுகம்.

நீ நாலு நாள் நடந்துகொண்டதை நான் அடுப்படியிலிருந்தும், தோட்டத்துக்குப் பின்னாலேயே வந்தும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ உள்ளே வந்ததும் அய்யா நார் திரிப்பதை விட்டுவிட்டு எழுந்தே நின்றார்கள். கையை நீட்டி உன் தோளைப் பிடித்தார்கள். “என்னடா, இப்படி இளைச்சுப் போயிட்ட?” என்றார்கள். நீ, “ஆமாய்யா, ஹோட்டல் சோறு ஒத்துக்கலை” என்றாய். எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. ஆறு வருஷத்தில் நீ ஒரு சுற்றுப் பெருத்து, சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி நிற்கிறாய்!

அப்புறம் நீ செம்பை இடப்பக்கம் வைத்ததையும், வாளியை எடுத்த இடத்திலேயே வைத்ததையும், அய்யா உன்னைத் தோட்டம் சுற்றிக் காட்டப் புறப்பட்டபோது செவலைக்கு அந்தப் பக்கமாகவே நீ நடந்ததையும் பார்த்தேன். அய்யா, “அந்தத் தென்னையப் பாத்தியா, நீ வச்சது” என்று கையை நீட்டியபோது அங்கே வேப்பமரம் இருந்தது. “நல்லா வளந்திருச்சுய்யா” என்றாயே, அப்போது ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நீ போன மறுநாள் காலையில் அய்யா என்னைக் கூப்பிட்டார்கள். “அவன் இளைக்கலை” என்றார்கள். “தோளப் பிடிச்சனே, தெரியாதா? நல்லா சதை போட்டிருக்கான். சோதிக்கத்தான் அப்படிக் கேட்டேன். கண்ணு தெரியிறவன்கிட்டன்னா என்ன சொல்லியிருப்பான்? ‘என்னய்யா, பெருத்திருக்கேன், இளைச்சுட்டன்னு சொல்றீக’ன்னு சிரிச்சிருப்பான். ஆமாங்கிறான். தெரிஞ்சுதான் வந்திருக்கான். நீதான் எழுதுனியா?”

“நான் எழுதலைய்யா. அவனே கதை எழுதி, அதுல தெரிஞ்சுக்கிட்டான்” என்றேன். அந்த வேப்பமரத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ கதையைத் திரும்ப வாங்கினதையும் மேஜை போனதையும் சொன்னேன்.

“நாலு நாளும் ஐயோ பாவம்னு ஒரு வார்த்தை பேசலை. கையப் பிடிச்சு நடத்தலை. நான் காட்டுன வேப்பமரத்தைத் தென்னைங்கிறான். என்னைய மனுசனா வச்சே பேசிட்டுப் போயிருக்கான்” என்றார்கள். அழுதார்கள், தம்பி. நம் ஆத்தா செத்தபோதுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “காயிதத்த எடு” என்றார்கள். “மாப்பிள்ளை சொன்னதா எழுதவா, நான் சொன்னதா எழுதவா?” என்று கேட்டேன். “நான் சொல்றதா எழுது. ஒரு வார்த்தைய மாத்தாத” என்றார்கள். மாற்றாமல் எழுதுகிறேன்:

கர்ணா, ஒங்க அய்யா பேசுறேன். எனக்குக் கண்ணு தெரியலடா. ரெண்டு வருசமாச்சு. ஒங்க அக்கா மேல தப்பு இல்ல, நாந்தான் சொல்லக் கூடாதுன்னேன். அன்னைக்கு நடையில நின்னு பேசுனதுக்கும் எனக்குச் சங்கட்டமா இருக்கு. மதுரையில அறுத்து எடுத்தா வெளிச்சம் வரும்கிறாக. எனக்குக் கத்திக்குப் பயமில்ல. வெளிச்சம் வராமப் போயிருமோன்னுதான் பயம். நீ கூட வந்தா நான் வாரேன். தை பொறந்ததும் லீவு கேட்டுக்கிட்டு வா. கட்டு அவுக்கையில நீ என் எதுக்க இருக்கணும்.

அய்யா ராக்கையா சொல்ல, முருகம்மாள் எழுதியது.